பறவைக்கு ஏன் இரண்டு தலை

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் மருமகன் ஒரு பத்திரிகைத் துணுக்கை வாசித்துக் காட்டினார். அந்தக் காலத்து இங்கிலாந்து ராஜாவும் ருஷ்ய ராஜாவும் அக்காள் தங்கை பிள்ளைகளாம். ஒரே தாடி, ஒரே மீசை, ஒரே நெற்றி. ஒருவருடைய கல்யாணத்துக்கு வந்த மற்றவரை மாப்பிள்ளை என்று நினைத்து, விருந்தாளிகள் கைகுலுக்கி வாழ்த்திவிட்டுப் போனார்களாம். வீடே சிரித்தது. நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மருமகன் பயந்துபோய், அத்தைக்கு என்ன ஆயிற்று என்று என் மகளிடம் விசாரித்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் துணுக்கு எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் ஒரு பங்கு, கோபம் மூன்று பங்கு. வயதாக ஆக வெட்கம் குறைந்துவிட்டது. கோபம் குறைவதாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது தாமிரபரணிக் கரையில் ஒரு தாலுகா ஊர். பெயர் வேண்டாம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. தாசில்தார்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். பெரியப்பா மட்டும் அந்த நாற்காலியிலேயே இருந்தார். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்து வேலையைச் சொல்லி வாங்கித் தந்தவர் அவர். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது நினைவுபடுத்தாமல் இருக்கமாட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா உட்காரமாட்டார். தன் வீட்டிலேயே நின்றுகொண்டு பேசுகிற மனிதரை நான் அப்பாவைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அவள் கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் வீட்டுச் சுவர் தப்பாது. ஒருநாள் எங்கள் சபைக் கோயிலில் பிரசங்க நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய சபை மூப்பரை அப்படியே காகிதத்தில் வரைந்துவிட்டாள். அது கைமாறிக் கைமாறி, பாளையங்கோட்டையிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கையில் சிக்கியது. அக்காவுக்கு அடி நிச்சயம் என்று நாங்கள் காத்திருந்தோம். மிஸ்ஸியம்மா அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு அப்பாவை வரச் சொல்லி ஆளனுப்பினார். வருகிற ஜனவரியில் அக்காவைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், மிஷன் விடுதியில் தங்கி அரசாங்கப் பள்ளியில் சித்திரம் படிக்கட்டும், திரும்பி வந்தால் பாளையங்கோட்டையிலேயே சித்திர வாத்தியாரம்மாவாக வேலை என்று முடிவு செய்துவிட்டார்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பதினைந்து வயதுப் பெண் ரயிலேறுவது கல்யாணத்துக்காகத்தான். அம்மா ஒரு தகரப் பெட்டி வாங்கினாள். இரண்டு ஜாக்கெட் புதிதாகத் தைத்து அதற்குள் வைத்தாள். அக்கா தினமும் ஒரு தடவை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். நானும் கூட உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த வருஷம் ஜில்லாவே பயந்து கிடந்தது. ஆனி மாதம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை ரயிலில் வைத்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். யார் யாருடன் பேசுகிறான், எவன் வீட்டில் என்ன பேப்பர் வருகிறது என்றெல்லாம் போலீஸ்காரர்கள் மேலே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாலுகா கச்சேரியில் மைக்கூடு கவிழ்ந்தால்கூட ராஜத்துரோகம் ஆகிவிடுமோ என்று நடுங்கினார்களாம். அப்படிப்பட்ட நேரத்தில்தான் புதுச் சக்கரவர்த்திக்கு டில்லியில் தர்பார் என்றும், அன்றைக்கு ஊர் ஊராகக் கொண்டாட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. தண்டோராக்காரன் "ராஜாவுக்கு முடி" என்று பாதியை விழுங்கிச் சொன்னதில், பாதி ஊர் திருச்செந்தூரில் மொட்டை போடப்போகிறார் என்றே நினைத்துக்கொண்டது.

ஊர்வலத்தில் வைக்கச் சக்கரவர்த்தியின் பெரிய படம் சென்னையிலிருந்து வரவேண்டியது வரவில்லை. படம் இல்லாமல் எதை ஊர்வலம் விடுவது. தாசில்தார் கையைப் பிசைந்தபோது பெரியப்பா முன்னால் போய், என் தம்பி மகள் வரைந்து தருவாள் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, அதிகாரிகள் வந்து தங்கும் பங்களாவில் கிடந்த பழைய ஆங்கிலப் படப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி, மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம், இடுப்பில் வாள். படத்துக்குக் கீழே ஒரு வரி அச்சாகியிருந்திருக்கிறது. படத்துக்கு எழுத்து எதற்கு என்று அதை வெட்டி எறிந்துவிட்டாராம். அந்த வரியை வாசித்துவிட்டு வெட்டினாரா, வாசிக்காமல் வெட்டினாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்தபோது அவர் கல்லறைக்குப் போய்விட்டார்.

"ஏட்டி, ஒரு முடி கூட மாறக்கூடாது, பாத்துக்க. இதுல நம்ம குடும்பத்துப் பேரே இருக்கு" என்றார் அக்காவிடம்.

எட்டு நாள் வரைந்தாள். ஆள் உயரத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சின்னப் படத்தில் கட்டம் போட்டு, துணியிலும் அதே கணக்கில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்ணம் குழைத்துக் கொடுப்பது என் வேலை. ராஜாவின் ஒரு கண்ணை மட்டும் அவள் முடித்திருந்த அன்று எனக்கு அந்த அறைக்குள் போகவே பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் நெஞ்சுப் பதக்கங்களுக்கு வந்தாள். அதில் ஒரு பதக்கத்தில் ஒரு பறவை. அதற்கு இரண்டு தலை. ஒன்று இந்தப் பக்கம் பார்க்கிறது, மற்றது அந்தப் பக்கம் பார்க்கிறது. அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் தூணில் அப்படி ஒரு பறவை உண்டு. வெளியில் நின்று பார்த்திருக்கிறோம். ஆனால் இங்கிலாந்து ராஜாவுக்குச் சிங்கம்தானே என்று அவளுக்குச் சந்தேகம். அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கேட்டுக்கொள் என்றார். அக்கா அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துக் கச்சேரிக்கு அனுப்பினாள். பறவைக்கு ஏன் இரண்டு தலை என்று பெரியப்பாவிடம் கேட்டு வா என்றாள்.

பெரியப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் பதிலை வழியில் மறந்துவிடுவேன் என்று, படத்தைத் திருப்பி அதன் முதுகிலேயே எழுதினார்: ராஜாவுக்கு இங்கிலாந்து ஒன்று, இந்தியா ஒன்று, ஆக இரண்டு தேசம், அதனால் இரண்டு தலை, உள்ளபடியே வரையவும். கீழே வழக்கம்போல் சுருக்கொப்பம் போட்டார். கச்சேரித் தாளில் போடுகிற அதே வளைந்த கையெழுத்து.

அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அந்தப் பறவையின் இறகை ஒவ்வொன்றாக வரைந்தாள். நான் இன்றைக்கும் சொல்வேன், அந்தப் படத்திலேயே மிக நன்றாக அமைந்தது அந்தப் பறவைதான். படம் முடிந்ததும் கீழ் மூலையில் தன் பெயரைச் சின்னதாக எழுதினாள். பெண்பிள்ளை பேர் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். மிஸ்ஸியம்மா எழுதச் சொல்லியிருக்கிறார் என்றதும் விட்டுவிட்டார். கத்தரித்த படத்தை அக்கா என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னாள். சென்னையில் காட்ட வேண்டும், யாரிடமும் கொடுக்காதே என்றாள். நான் புளியங்கொட்டை சேர்த்து வைத்திருந்த என் தகர டப்பாவில் வைத்தேன். அக்கா எதையாவது நம்பி என்னிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

தர்பார் நாள் வந்தது. வாழைமரமும் தென்னங்குருத்தும் கட்டிய வில்வண்டியில் படத்தை நிறுத்தினார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து நாகசுரம் வந்திருந்தது. கோயில் வீதியில் வண்டி போனபோது, ஏழை எளியதுகள் தங்கள் வழக்கப்படி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். எங்கள் சபைப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் வரிசையாக நின்று ராஜ வாழ்த்துப் பாடினோம். பெரியப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். பறவையைக் காட்டி யாராவது கேட்டால் நின்று, இங்கிலாந்து ஒன்று, இந்தியா ஒன்று என்று விளக்கினார். ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அக்கா கூட்டத்தில் எங்கோ நின்றாள். அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் யார் கழுத்தையாவது நெரிக்க வேண்டும்போல் வருகிறது.

எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு துக்கம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ராஜா முகமும் ராணி முகமும் போட்ட பதக்கம், சிவப்பு நாடாவுடன், கொடுத்தார்கள். அது போதாமல் போய்விட்டது. என் வகுப்புக்கு வரும்போது பெட்டி காலி. எங்களுக்கு ஆளுக்கொரு கருப்பட்டி மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் வீதியிலேயே உட்கார்ந்து அழுதேன். பெரியப்பா அதைப் பார்த்தார். பார்த்ததை அவர் மறக்கவில்லை.

ஊர்வலம் கச்சேரி வாசலில் முடிந்தது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரே வெள்ளைக்காரர் அணைக்கட்டு இன்ஜினியர் துரை. அவர் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்த்தவரை ஒன்றும் சொல்லவில்லை. பதக்கத்தைப் பார்த்ததும் குனிந்தார். பறவையை விரலால் தொட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முகம் சிவந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாசில்தாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அது புரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார். நாள் முழுக்க ஊர் கும்பிட்டது நம்முடைய ராஜாவையே அல்ல, அவருடைய சித்தி மகனை, ருஷ்யச் சக்கரவர்த்தியை. இரண்டு தலைப் பறவை ருஷ்யாவின் முத்திரை.

முகத்தை வைத்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அக்கா கொஞ்சம் மோசமாக வரைந்திருந்தால், அந்தப் பறவையை ஒரு பொட்டாக வைத்துவிட்டுப் போயிருந்தால், ஒன்றுமே நடந்திருக்காது. அவள் ஒழுங்காக வரைந்ததுதான் குற்றமாகப் போயிற்று.

இன்ஜினியர் துரைக்கு அது வேடிக்கை. வெள்ளைக்காரர்கள் கூடுகிற கிளப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு மேலே போய், கீழே திரும்பி வரும்போது, விளக்கம் கேட்கிற கடுதாசியாக வந்தது. சக்கரவர்த்தியின் இடத்தில் அந்நிய ராஜாவின் படத்தை வைத்தது யார், என்ன நோக்கம் என்று தாசில்தாரைக் கேட்டார்கள். தாசில்தார் பெரியப்பாவைக் கேட்டார்.

தாசில்தார் கேட்ட மறுநாள் மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பள்ளிக்கூடத்தில். அம்மாவும் அக்காவும் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் விட்டிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில், பாயிலேயே உட்கார்ந்தார். பெரியப்பா தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏட்டி, அந்தச் சின்னப் படம் எங்கன இருக்கு?" என்றார்.

அக்கா யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பதக்கத்தை எடுத்தார். புதிது. சிவப்பு நாடா மடங்காமல் இருந்தது.

"அது பெரியப்பா குடுத்த படந்தானே. எனக்குள்ளதத்தானே திருப்பிக் கேக்கேன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கொடுத்தவர் அவர், திருப்பிக் கேட்கிறவரும் அவர். யாரிடமும் கொடுக்காதே என்றால் வேறு யாரிடமும் என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது வயதில் இவ்வளவு நன்றாக வாதாட எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியாது. டப்பாவைத் திறந்து, புளியங்கொட்டையை ஒதுக்கிவிட்டு, படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பி முதுகைப் பார்த்தார். தன் கையெழுத்தைத்தான் பார்த்தார். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பதக்கத்தை என் சட்டையில் அவரே குத்திவிட்டார்.

அன்று மாலையே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். அப்பா வழக்கம்போல் நின்றார். விஷயம் சின்னது, ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்றார் பெரியப்பா. அக்கா எழுத வேண்டியது இதுதான்: படத்தைத் தேடி எடுத்தது நான், விளையாட்டுப் புத்தியால் அதைச் சக்கரவர்த்தி என்று சொல்லிப் பெரியவர்களை நம்பவைத்ததும் நான், மன்னிக்க வேண்டும்.

அம்மா யாரையும் எதிர்த்துப் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். "வரைஞ்சது அவ. படத்தக் கொண்டாந்தது யாரு? பறவய அப்படியே வரைன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான் எழுதிக் குடுத்தேனா? எங்கன இருக்கு? கொண்டா, பாப்பம்."

அக்கா எழுந்து போய் என் டப்பாவைத் திறந்தாள். உள்ளே புளியங்கொட்டை மட்டும் இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் நெஞ்சில் பதக்கம். நான் அதைக் கையால் மூடிக்கொண்டேன். டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அது பொய். நான் எழுத மாட்டேன்" என்றாள்.

பெரியப்பா குரலை உயர்த்தவே இல்லை. "பொம்பளப் பிள்ள நீ, உனக்கு என்னட்டி போவுது? சின்னப்பிள்ள தெரியாமச் செஞ்சிட்டான்னு விட்டுருவாங்க. எம் பேரு வந்தா இருவது வருச உத்தியோகம் போவுது. நான் போனா, நான் வாங்கிக் குடுத்த வேலையும் போவும், யோசிச்சுக்க" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அப்பாவைப் பார்த்தார்.

இரண்டு நாள் அக்கா மறுத்தாள். இரண்டு நாளும் அப்பா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் அக்கா முன்னால் வந்து நின்று, "அண்ணன் சொல்லுதபடி எழுதிரும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்பா நல்லவர் என்று ஊரெல்லாம் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். நல்லவராக இருந்து என்ன செய்தார்? பெற்ற மகளைப் பொய்யெழுதச் சொல்லிக் கண்கலங்கினார். அந்தக் கண்ணீரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா எழுதினாள். பெரியப்பா கச்சேரித் தமிழில் சொல்லச் சொல்ல, அச்சு மாதிரியான கையெழுத்தில் எழுதிப் பெயரும் போட்டாள். படத்தின் மூலையில் எழுதிய அதே பெயர்.

மேலே அதை வாசித்து இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. பெரியப்பா சொன்னது உண்மைதான், சின்னப்பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மிஸ்ஸியம்மா வந்தார். ராஜ விஷயத்தில் தப்பு செய்ததாகத் தன் கைப்பட ஒப்புக்கொண்ட பெண்ணை அரசாங்கப் பள்ளிக்கு எப்படிச் சிபாரிசு செய்வது, மிஷனுக்கு வருகிற மானியம் நின்றுவிட்டால் மற்றப் பிள்ளைகள் என்னாவது என்று வருத்தப்பட்டார். நிஜமாக நீதான் அந்தப் படத்தை எடுத்தாயா என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பின்னால் அப்பா நின்றார். அக்கா ஆமாம் என்றாள். மிஸ்ஸியம்மா போய்விட்டார்.

அதே சமயத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புதுச் சக்கரவர்த்தியின் முகத்தோடு புது ரூபாய் அடித்தார்கள். ராஜாவின் அங்கியில் ஒரு யானை இருக்கவேண்டும். அச்சில் அது பன்றி மாதிரி விழுந்துவிட்டது. காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரிகள் அதைக் கையால் தொடமாட்டோம் என்று திருப்பினார்களாம். அரசாங்கம் சத்தமில்லாமல் அந்த ரூபாயைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டு, யானையைச் சரியாக வரைந்து வேறு அடித்தது. யானையைப் பன்றியாக வரைந்த மனிதரிடம் யாராவது மன்னிப்புக் கடுதாசி எழுதி வாங்கினார்களா? அவர் படிப்பை நிறுத்தினார்களா? பறவையைப் பறவையாகவே வரைந்த என் அக்காவுக்குத்தான் அதெல்லாம்.

வாங்கிய தகரப் பெட்டி வீணாகவில்லை. வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் குமாஸ்தா, மனைவியை இழந்தவர். பெரியப்பாதான் பார்த்து முடித்தார். அக்கா அந்தப் பெட்டியோடு தூத்துக்குடியில் கப்பலேறினாள். அதற்குப் பிறகு அவள் எழுதிய கடிதங்களில் மழை, அட்டைப்பூச்சி, பிள்ளைகளின் இருமல் எல்லாம் இருக்கும். ஒரு கோடு கூட வரைந்து அனுப்பியதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ருஷ்ய ராஜா இப்போது நம்முடைய ராஜாவுக்குக் கூட்டாளி. எங்கள் ஊரில் யுத்த நிதிக்குக் கூட்டம் போட்டார்கள். பெரியப்பா தாசில்தார் ஆகியிருந்தார். மேடையில் நம் சக்கரவர்த்தி படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்டு நிறுத்தியிருந்தது அக்கா வரைந்த படம். நாலு வருஷம் கச்சேரி உக்கிராணத்தில், பழைய சாமான்களோடு சுருட்டிக் கிடந்ததை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறார்கள். கீழ் மூலையில் ருஷ்யச் சக்கரவர்த்தி என்று எழுதி ஒட்டியிருந்தது. பெரியப்பா பேசினார். கிழக்கையும் மேற்கையும் ஒருசேரப் பார்க்கிற தேசம், அதனால்தான் பறவைக்கு இரண்டு தலை என்றார். இதை வரைந்தது என் தம்பி மகள், பதினைந்து வயதிலேயே, இந்தச் சிநேகம் வரப்போவது தெரிந்த மாதிரி வரைந்துவிட்டாள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் நான் மேடைக்குப் பின்னால் போய், அந்த ஒட்டின காகிதத்தை நகத்தால் உரித்தேன். அடியில் அக்காவின் பெயர் இருக்கும் என்று தெரியும். பசை காய்ந்து கெட்டியாகியிருந்தது. காகிதம் வரும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. துணி வெள்ளையாக இருந்தது. பெயரை நானே உரித்தெடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் நானே செய்தேன். இரண்டு வருஷம் கழித்து ருஷ்ய ஜனங்கள் தங்கள் ராஜாவை இறக்கிவிட்டார்கள். இங்கே படமும் இறங்கியது. கச்சேரிக் கொல்லையில் விறகு நனையாமல் அதைப் போர்த்தியிருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

இத்தனையும் எழுதிவிட்டு, எழுத வேண்டிய ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அது அக்கா ஊரைவிட்டுப் போன அன்று காலையில் நடந்தது.

வாசலில் வண்டி பூட்டியாகிவிட்டது. அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அந்த ஐந்து மாதமும் அக்கா என்னிடம் வழக்கம்போல்தான் பேசினாள். படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நானும் அவள் எதிரில் பதக்கத்தை வெளியில் எடுத்ததில்லை. அன்று அவளே என்னைக் கூப்பிட்டு, அதைக் கொண்டு வா என்றாள். பறித்துக்கொண்டு போய்விடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். தயங்கித் தயங்கிக் கொண்டு வந்து கொடுத்தேன்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வரைவதற்கு முன்னால் ஒரு முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். தாடியை விரலால் தடவினாள்.

"அவருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லட்டி. யாரா இருந்தா என்ன" என்றாள்.

பிறகு அதை என் சட்டையில், நாடா கோணாமல், தன் கையாலேயே குத்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அக்காவுக்கும் என் பதக்கம் பிடித்துவிட்டது, கோபமெல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். வண்டி ஆற்றுப்பாலத்தைத் தாண்டுகிறவரைகூட நான் வாசலில் நிற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்க அக்காவே குத்திவிட்டா என்று ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டு போனேன்.